திமிங்கலம் இல்லை... கொலைதான்... அப்பாடா!

1

அலற வேண்டியவள் அலறவில்லை.

ஜோலின் டார்ப்ளி அன்று செய்த முதல் தப்பு அதுதான்.

ஃப்ளோரிடாவின் காலை வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. 'ப்ளூ கோவ்' கடல் பூங்காவின் வாசல் இன்னும் திறக்கவில்லை. ஹெர்ரிங் மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குளத்துக்கு வந்த ஜோலின்...

அப்படியே நின்றாள்.

தண்ணீரில் டச்சஸ் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு லாரி நீளத்துக்கு ஓர்க்காத் திமிங்கலம். அதன் மூக்கு நுனியில் எதையோ வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது.

எதையோ இல்லை... யாரையோ!

கோடி ரெஸ்னிக். ஜோலினோடு வேலை பார்க்கும் ட்ரெய்னர். முகம் தண்ணீருக்குள். நெற்றி பிளந்து கிடந்தது.

டச்சஸ் அவனைக் கரை வரை கொண்டு வந்தது. ஜோலினைப் பார்த்தது. வாயைப் பிளந்தது.

மீன் கேட்டது!

ஜோலின் கத்தவில்லை. ஓடவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சிலை மாதிரி நின்றாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

அதற்கப்புறம்தான் வாளியை வீசிவிட்டு அபாய மணியை நோக்கிப் பாய்ந்தாள். கைச் சைகை காட்டி டச்சஸைப் பக்கத்துக் குளத்துக்கு அனுப்பினாள். கதவை இறக்கினாள். தண்ணீரில் குதித்துக் கோடியை இழுத்துக் கரையில் போட்டு நெஞ்சை அழுத்தினாள்... அழுத்தினாள்... அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பிரயோஜனமில்லை. கோடி எப்போதோ போய்விட்டிருந்தான்.

கூரை மூலையிலிருந்து கரையின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் கேமரா, அவள் சிலையாக நின்றதைச் சமத்தாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

2

டிடெக்டிவ் எஃப்ரேன் பகானுக்கு மீன் நாற்றம் பிடிக்காது. வந்ததிலிருந்து மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார்.

எதிரே பூங்காவின் ஜெனரல் மேனேஜர் வெண்டல் ஸ்ட்ரிக்லண்ட். சட்டையில் சின்னச் சின்னத் திமிங்கலப் படங்கள். முகத்தில் ஈயாடவில்லை.

பக்கத்தில் பூங்காவின் வக்கீல் வான்டைவர். இந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார்.

"திமிங்கலம்தான் ஆளைக் கொன்னுதா?" என்றார் பகான்.

"ஐயையோ! அது திமிங்கலமே இல்ல சார்!" பதறினார் வான்டைவர். "விஞ்ஞானப்படி அது ஒரு டால்ஃபின். கொஞ்சம் பெரிய சைஸு... அவ்வளவுதான்!"

"வாசல்ல 'கொலைகாரத் திமிங்கலம்'னு பனைமரம் உயரத்துக்கு போர்டு வெச்சிருக்கீங்களே?"

"அது டிக்கெட் வாங்கறவங்களுக்கு."

"அப்போ டால்ஃபின்?"

"அது இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு."

"வரி ஆபீஸுக்கு?"

வான்டைவர் லேசாக இருமினார்.

"இயந்திரம். வருஷா வருஷம் தேய்மானம் காட்டறோம்."

பகான் கைக்குட்டையை எடுத்துவிட்டார். நாற்றத்தை விட இது சுவாரசியமாக இருந்தது.

"போன வருஷம் இங்க ஒரு ட்ரெய்னருக்குக் கால் ஒடிஞ்சதாமே? தொழிலாளர் பாதுகாப்பு இலாகா கேஸ் போட்டுச்சாமே?"

"அந்தக் கேஸ்ல டச்சஸை 'சக ஊழியர்'னு வாதாடினேன் சார். ஊழியருக்கும் ஊழியருக்கும் நடுவுல ஒரு சின்ன உரசல். எந்த ஆபீஸ்ல நடக்கல?"

"ஜட்ஜ் என்ன சொன்னார்?"

இப்போது ஸ்ட்ரிக்லண்ட் வாயைத் திறந்தார். 

"இன்னொரு தடவை டச்சஸால யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா 'ஆபத்தான மிருகம்'னு பதிவு பண்ணிடணும்னார். அப்புறம் எந்த ட்ரெய்னரும் தண்ணில இறங்கக் கூடாது. மூக்கு மேல நின்னு சவாரி செய்யற ஐட்டம் கிடையாது. அது இல்லாட்டி இங்க எவன் சார் வருவான்? போச்சு... எல்லாம் போச்சு!"

பகான் குனிந்து கோடியின் நெற்றியைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"இந்த அடியைப் பார்த்தா யாரோ ஓங்கிப் போட்ட மாதிரியும் இருக்கு. ஒருவேளை இது கொலையாக்கூட..."

"கொலையா?" ஸ்ட்ரிக்லண்டின் முகம் மலர்ந்தது. "மனுஷன் பண்ற கொலையா சார்?"

"பின்ன? முயலா வந்து பண்ணும்?"

"அப்பாடா!"

வாய் தவறி வந்துவிட்டது! வான்டைவர் மேனேஜரின் காலை நறுக்கென்று மிதித்தார். "அதாவது... அடடா! பாவம்னு சொல்ல வந்தார்!"

பகான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கொலை என்றதும் சந்தோஷப்பட்ட மேனேஜரை அவர் சர்வீஸில் இப்போதுதான் பார்க்கிறார்.

3

மத்தியானத்துக்குள் கொலைக்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டது.

தண்ணீருக்குள் இறங்கித் தேடிய ஆள் குளத்தின் அடியிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்துவந்தான். வலை மாட்டும் நீளக் கம்பி. பிடியில் சிவப்பு டேப்.

'ப்ளூ கோவ்' பூங்காவில் ஒவ்வொரு ட்ரெய்னரும் தன் சாமான்களில் தனக்கென்று ஒரு கலர் டேப் சுற்றி வைப்பார். கோடிக்குப் பச்சை.

ஜோலினுக்குச் சிவப்பு.

"நேத்து சாயங்காலம் கோடியோட சண்டை போட்டீங்களாமே?" பகான் அவளை மீன் கிடங்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்துக் கேட்டார்.

"போட்டேன்."

"எதுக்கு?"

"டச்சஸ் ரெண்டு நாளா முறைச்சுக்கிட்டு இருந்தா. நாளைக்குத் தண்ணில இறங்காதடான்னேன். 'உனக்குப் பொறாமை'ன்னான்."

"பொறாமையா?"

"பெரிய ஷோல என் இடத்தை அவனுக்குக் குடுத்துட்டாங்க."

பகான் மேஜையில் இருந்த லேப்டாப்பைத் திருப்பினார். கேமரா பதிவு ஓடியது. பிணத்தின் முன்னால் சிலையாக நிற்கும் ஜோலின்.

"எங்க அத்தை ஒரு கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே தெருவே கூடற மாதிரி கத்துவாங்க. நீங்க கூட வேலை பாக்கற பையனைப் பிணமா பாக்கறீங்க. ஒரு கண்ணீர் இல்ல. ஒரு கத்தல் இல்ல. ஏற்கெனவே தெரிஞ்சவங்கதான் மேடம் இப்படி நிப்பாங்க!"

ஜோலின் உதட்டைக் கடித்தாள்.

பதில் இருந்தது. ட்ரெய்னர் வேலையில் சேர்ந்த முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடும் பாடம். மிருகம் சரியாகச் செய்தால் விசில், மீன். தப்பாகச் செய்தால் திட்டக் கூடாது, கத்தக் கூடாது, முகம்கூட மாறக் கூடாது. மூன்று எண்ணும் வரை மரம் மாதிரி நிற்க வேண்டும். கத்தினால் அதுவே அதற்கு வேடிக்கை. அடுத்த தடவையும் செய்யும்.

வருஷக்கணக்கில் செய்து செய்து உடம்பே அப்படி நின்றுவிட்டது.

ஆனால் இதைச் சொன்னால் பகான் அடுத்த கேள்வியைக் கேட்பார். 'அப்போ தப்பு பண்ணினது யாரு?'

டச்சஸ்தான் செய்தது. அதில் ஜோலினுக்குச் சந்தேகமே இல்லை. பார்த்த அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. அவள் கல்யாணம் முறிந்த ராத்திரிகூட டச்சஸின் நாக்கைத் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"சரி. கைவிலங்கு எடுத்துட்டு வரேன்" என்று பகான் எழுந்து போனார்.

அவர் போனதும் ஸ்ட்ரிக்லண்ட் பூனை மாதிரி உள்ளே நுழைந்தார்.

"ஜோலின் கண்ணு... நல்லாக் கேளு. திமிங்கலம்தான் பண்ணுச்சுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. டச்சஸ் கதி என்ன ஆகும் தெரியுமா? ஆயுசு பூரா தனிக் குளம். யாரும் இறங்க மாட்டாங்க. யாரும் தொட மாட்டாங்க."

ஜோலினின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நான் என்ன பண்ணணும்?"

"கைகலப்புன்னு சொல்லிடு. கம்பி தெரியாம பட்டுடுச்சு, விழுந்துட்டான், பயத்துல கம்பியைத் தண்ணில போட்டுட்டேன்... அவ்வளவுதான். ஊர்லயே பெரிய வக்கீலா வைக்கறோம். கொஞ்ச வருஷம்தான். டச்சஸ் உனக்காகக் காத்துக்கிட்டு இருப்பா!"

அவள் தலை குனிந்தாள். கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டாள். டச்சஸுக்காக எதைத்தான் செய்யமாட்டாள்?

ஸ்ட்ரிக்லண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் வாய் நிற்கவில்லை.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. ஷோ நிக்காது. நாளைக்கே கோடி இடத்துல பெய்லியை இறக்கறோம்."

ஜோலின் சடாரென்று நிமிர்ந்தாள்.

பெய்லி! வேலைக்கு வந்து மூன்று மாசம் ஆகாத பெண். டச்சஸைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே தண்ணீரில் குதிக்கிறவள். நேற்றுத்தான் ஜோலினிடம் நீச்சல் உடை அளவு பற்றி விசாரித்தாள்.

"நாளைக்கா? டச்சஸோடயா?"

"பின்ன? கொலைகாரிதான் கிடைச்சாச்சே!"

ஜோலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துக்கம் போய்க் கோபம் வந்திருந்தது. 

"சார்... அந்தக் கம்பி எங்க கிடந்துச்சு?"

"குளத்தடில. வடக்கு மூலைல."

"டச்சஸ் காலைல இருந்த குளத்துலயா?"

"ஆமா! ஏன் கேக்கறே?"

ஜோலின் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"டிடெக்டிவ் சார்! அந்த விலங்கைக் கொண்டாங்க. ஆனா என் கைல மாட்டாதீங்க!"

4

பக்கத்துக் குளம். கைப்பிடிக் கம்பிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நின்றார்கள். ஸ்ட்ரிக்லண்டுக்கு வேர்த்துக் கொட்டியது. வான்டைவர் கோட்டு நனைந்துவிடுமோ என்று நாலடி தள்ளியே நின்றார்.

"இப்போ விலங்கைத் தண்ணில போடுங்க சார்" என்றாள் ஜோலின்.

"என்னது? இது அரசாங்கச் சொத்து மேடம்!"

"திரும்பி வரும். நான் பொறுப்பு."

பகான் தயங்கினார். அப்புறம் 'ஆனது ஆகட்டும்' என்று விட்டெறிந்தார்.

ப்ளக்!

கைவிலங்கு பளபளத்துக்கொண்டே அடிக்குப் போனது. யாரும் விசில் ஊதவில்லை. யாரும் சைகை காட்டவில்லை.

அடியில் ஒரு கறுப்பு நிழல் திரும்பியது.

அடுத்த நிமிஷம் தண்ணீர் பிளந்தது. எல்லோரும் பின்னால் தாவினார்கள். டச்சஸ் கரையில் தாடையை வைத்து வாயைத் திறந்தது. பல் வரிசைக்கு நடுவே நாக்கின் மேல் கைவிலங்கு!

ஜோலின் அதை எடுத்துக்கொண்டு ஒரு ஹெர்ரிங்கைப் போட்டாள். லபக்!

"யப்பா சாமி!" பகான் வாயைப் பிளந்தார்.

"குளத்துல விழற சாமானை முழுங்கிடக் கூடாதேன்னு நாங்களே பழக்கி வெச்சது சார். எது விழுந்தாலும் கொண்டாந்து குடுத்தா மீன். இப்போ அவ எங்களை விட உஷார். ஒரு தடவை ஒருத்தரோட தொப்பியை நாலாக் கிழிச்சு நாலு மீன் வாங்கினா! இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆபீஸ் ரூம்ல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாது."

அவள் கைவிலங்கைப் பகானிடம் நீட்டினாள்.

"பாருங்க. எப்படி இருக்கு?"

இரும்பில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். பல் பட்ட தடம்.

"அந்தக் கம்பில ஏதாவது கீறல் இருந்துச்சா சார்? டேப்பாவது கிழிஞ்சிருந்துச்சா?"

பகான் யோசித்தார். "இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி புதுசா இருந்துச்சு."

"நான் காலைல அதைத் தண்ணில போட்டிருந்தா அந்த நிமிஷமே கொண்டாந்து கரைல வெச்சு மீன் கேட்டிருப்பா. மீன் குடுக்க ஆள் இல்லாட்டி வாயிலயே வெச்சுக்கிட்டு இந்தக் குளத்துக்கு வந்திருப்பா. மீன் கிடைக்கற சாமானை அவ ஒரு நாளும் விட்டுட்டு வரமாட்டா! கம்பி அடியில கிடந்துச்சுன்னா ஒரே அர்த்தம்தான். டச்சஸ் இந்தப் பக்கம் வந்தப்புறம் யாரோ போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் நான் கோடி பக்கத்தை விட்டு நகரவே இல்ல, கேமராலயே பாருங்க."

"பொய்!" ஸ்ட்ரிக்லண்ட் கூவினார். "அவ தப்பிக்கறதுக்காகக் கதை கட்டறா! ஒரு மிருகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடறாளே... கோர்ட்டு சிரிக்கும்!"

"போன வருஷம் இதே மிருகம் உங்க சக ஊழியர் சார்" என்றார் பகான். "வக்கீல் சார், ஊழியர் சாட்சி சொல்லலாம் இல்ல?"

வான்டைவர் வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அது நடந்தது.

உள்ளே போன டச்சஸ் மறுபடி மேலே வந்தது. ஜோலினின் முன்னால் தாடையை வைத்தது. வாயைத் திறந்தது.

நாக்கின் மேல் ஒரு விசில்.

அறுந்த கயிறு. கயிற்றில் பச்சை டேப்.

கோடி எப்போதும் கழுத்தில் மாட்டியிருக்கும் விசில்!

 காலையில் நாக்கடியில் அடக்கிக் கொண்டுவந்து இந்தக் குளத்தடியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அழுதுகொண்டும் ஓடிக்கொண்டும் இருந்த மனிதர்களில் ஒருத்தராவது மீனோடு வருவார்களா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஜோலின் குனிந்து விசிலை எடுத்தாள். டச்சஸ் வாயை மூடவில்லை. அதற்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்றுதான்... கொடுத்தால் மீன்.

"கழுத்துக் கயிறைப் பிடிச்சு இழுத்திருக்கா" என்றாள் ஜோலின். "விளையாட்டோ, கோபமோ... எனக்குத் தெரியாது. சுவத்துல மோதியிருக்கான். டச்சஸ்தான் சார். எங்க டச்சஸ்தான் அவனைக் கொன்னா. அதனாலதான் நான் அப்படி நின்னேன். தப்பு பண்ணினா மூணு எண்ணற வரைக்கும் முகம் மாறாம நிக்கணும்... அதான் எங்க ரூல்."

அழுதுகொண்டே மீனைப் போட்டாள்.

பகானின் போன் அலறியது. பிரேதத்தைப் பரிசோதித்த டாக்டர்.

"சொல்லுங்க டாக்டர்... ம்... கழுத்தைச் சுத்திக் கயிறு அறுத்த தடமா?... நெத்தி?... கம்பியால இல்லையா? அகலமா, தட்டையா, சொரசொரப்பா... சுவர் மாதிரியா? ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்."

போனை வைத்தார். கம்பியைக் கண்டெடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, அவ்வளவு பெரிய குளத்துல கம்பி எப்படி டக்குனு கிடைச்சுது?"

"மேனேஜர் சொன்னார் சார். 'வடக்கு மூலைல பாரு, அங்கதான் கிடக்கும்'னு."

5

ஸ்ட்ரிக்லண்டின் குட்டு உடைந்தது. நீச்சல் தெரியாத ஆள் தண்ணீருக்குள் தடுமாறுவது மாதிரி கையைக் காலை ஆட்டினார்.

"நான் யாரையும் கொல்லலையே! ஒரு கம்பியைத்தானே போட்டேன்! இந்தப் பூங்காவைக் காப்பாத்தத்தான் போட்டேன்! வான்டைவர், சொல்லுமய்யா!"

வான்டைவர் கோட்டைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார்.

"சார், ஒரு சின்ன விளக்கம். மிஸ்டர் ஸ்ட்ரிக்லண்ட் எங்க ஊழியர் வகையில வரமாட்டார். வெளி ஆலோசகர். அவர் பண்ற எதுக்கும் பூங்கா பொறுப்பில்ல."

"அடப்பாவி! இந்தப் பூங்காவுக்கு நான் தலைமுடி கொட்ட உழைச்சவன்யா!"

"கொட்டின முடிக்கும் நாங்க பொறுப்பில்ல."

பகானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ டச்சஸை இனிமே எந்த வகையில சேர்ப்பீங்க?"

"ஆபத்தான மிருகம்தான் சார். சட்டத்தை மதிக்கணும் இல்ல?" வான்டைவரின் கண் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. "'அரசாங்கமே ஆபத்து என்று ஒப்புக்கொண்டது! அருகில் வந்து பாருங்கள்!' போர்டுல நல்லா இருக்கும். டிக்கெட்டை ஏத்திடலாம்."

ஜோலின் அதைக் கேட்கவில்லை. கைப்பிடிக் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்று டச்சஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி தண்ணீருக்குள் சேர்ந்து நீந்துவது கிடையாது. அதன் நாக்கைத் தடவிக்கொண்டு உட்காருவது கிடையாது. இந்தக் கம்பிக்கு வெளியே நின்று மீன் வீசலாம், அவ்வளவுதான். 

ஆனால் நாளைக்குப் பெய்லி உயிரோடு வீட்டுக்குப் போவாள்.

"ஜோலின் கண்ணு!" ஸ்ட்ரிக்லண்ட் இப்போது அவளிடம் ஓடி வந்தார். "நீயாவது சொல்லும்மா! டச்சஸுக்காகத்தான் பண்ணினேன்னு ஒரு வார்த்தை சொல்லு! உனக்கு மறுபடியும் பெரிய ஷோ தரேன்! ஏதாவது சொல்லேன்!"

ஜோலின் அவரைப் பார்த்தாள்.

கத்தவில்லை. திட்டவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சிலையாக நின்றாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

"என்ன மேடம், ஒண்ணும் சொல்லலையா?" என்றார் பகான்.

"தப்பு பண்ணினா கண்டுக்கக் கூடாது சார்." ஜோலின் மீன் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "மீனும் கிடையாது."

பல் தடம் பதிந்த கைவிலங்கை ஸ்ட்ரிக்லண்டின் மணிக்கட்டில் மாட்டினார் பகான். க்ளிக்! அவர் தோளில் ஆதரவாகத் தட்டிக் கொடுத்தார்.

"மனசை விடாதீங்க சார். எங்க ஜெயில்ல வெள்ளிக்கிழமை தவறாம மீன் போடுவாங்க... அதுக்கு நீங்க குட்டிக்கரணம்கூட அடிக்க வேண்டியதில்ல!"